என் இரண்டு இருக்கைக் கார்

பிப்ரவரி 16, திங்கள்

காலையில் கெட்டியான பனி. எதிர்த் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. காரின் துணிக்கூரை ஈரத்தில் கனத்துக் கிடந்தது. பழைய துண்டால் ஒற்றி எடுத்தேன். தேய்த்தால் நூல் பிரியும்.

செம்மேடு போய் வந்தது. வாங்கியவை: பால், மனைவி ரெஜினாவுக்கு மூட்டு வலி மாத்திரை, கோழித் தீவனம் ஒரு மூட்டை. மூட்டையைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து சீட் பெல்ட் போட்டுவிட்டேன். பெட்ரோல் பங்கில் ஏரியைப் பார்க்க வாசலூர்பட்டி போகும் பையன்கள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். "தாத்தா, இது உங்க வண்டியா? ஸ்போர்ட்ஸ் காருல தீவன மூட்டையா?" ஆமாம் என்றேன், இரண்டுக்கும் சேர்த்து. போட்டோ எடுத்தார்கள். மூட்டையும் விழுந்திருக்கும்.

பெருமையாகத்தான் இருந்தது. எழுபது வயதைத் தாண்டியவனுக்கு இது தேவையா என்ற கேள்வியும் கூடவே வந்தது, வழக்கம்போல.

மதியம் சேலத்திலிருந்து மாப்பிள்ளை அருள் போன். "மாமா, உங்க காருக்கு ஒருத்தர் கெடச்சிருக்கார். ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வர்றேன்." மலைப்பாதை, என் வயது, ரெ. முட்டி வலியால் அதில் ஏறமாட்டாள், இரண்டு பேர் மட்டுமே உட்காரும் வண்டியை யார் தினசரி வைத்துக்கொள்வார்கள்... எல்லாம் நியாயம். நானும் "சரிங்க மாப்பிள்ளை" என்றேன்.

போனை வைத்தபின் வெகுநேரம் கொல்லையில் நின்றேன். விற்க எனக்கு மனமில்லை. அதைச் சொல்ல வாயும் இல்லை. தோட்டக்கலைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். மேலே இருந்து என்ன கேட்டாலும் "சரி" என்றே கையெழுத்துப் போட்டவன்.

வாங்கியதும் அப்படித்தான் என்று ரெ. சொல்வாள். ஸ்கூட்டரில் இரண்டாம் முறை விழுந்தபிறகு, நாலு பேர் உட்காரும் சின்னக் கார் பார்க்கக் கோயம்புத்தூர் போனேன். பழைய கார் விற்பவர் இதில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தபின் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிவிட்டேன் என்பது அவள் கட்சி. இருக்கலாம். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் எனக்கு வேறொன்றும் தோன்றியது. அதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

பனி குறைவு. கார்: இடது பின் டயரில் காற்று கொஞ்சம் கம்மி.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியசாமியைப் பார்க்கப் போனேன். மிளகு பறிக்கும்போது ஒற்றை மூங்கில் ஏணி வழுக்கி விழுந்தவர். இடது காலில் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. முட்டியைத் துளியும் மடக்கக் கூடாது என்று நாமக்கல் டாக்டர் உத்தரவு. கட்டிலில் காலை நீட்டி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். வாய்க்கு மட்டும் கட்டுப் போடவில்லை.

"வாங்க ஆபீசர் சார். தவள சௌக்கியமுங்களா?"

என் காருக்கு அவர் வைத்த பெயர். தரையோடு தரையாக இருப்பதால். அரியூர் நாட்டு ஊர்கள் முழுக்க இப்போது அதே பெயர். அவரை ஒரு முறை சந்தையிலிருந்து ஏற்றி வந்தேன். இந்த மலையில் காலி இருக்கையோடு போகும் வண்டி நடப்பவரைத் தாண்டிப் போவதில்லை. அது வழக்கம். என்னிடம் இருப்பது ஒரே இருக்கை, அதனால் தினம் ஒருவர்தான். அன்று இறங்கும்போது, "பொங்கப் பானைக்குள்ள உக்காந்தாப்ல இருந்துச்சுங்க" என்றார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இன்று அவர் முகம் சரியில்லை. வெள்ளிக்கிழமை அவர் தங்கை மகள் மல்லிகாவுக்குக் கல்யாணம், எடப்புளி நாட்டில். தாய்மாமன் சீர்த்தட்டோடு பந்தலுக்கு வந்து, தட்டைத் தொட்டுக் கொடுத்தபிறகுதான் தாலி. ஒரே மாமன் இவர்.

எப்படிப் போவது என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். அவர் மனைவி செல்லம்மா சொல்லச் சொல்லக் கேட்டது:

ஜீப் முன் இருக்கை: நேற்று முயன்றார்கள். முட்டியை மடக்காமல் கதவு சாத்தவில்லை.
வேனின் பின் இருக்கை: காலைக் குறுக்கே நீட்டி, ஜன்னலைப் பார்த்து ஒருக்களித்துத்தான் உட்கார முடியும்.
பைக்: பேச்சே இல்லை.
சின்ன லாரியில் கட்டிலைப் போட்டு: இதைச் சொன்ன மச்சானை இவர் செம்பால் அடிக்கப் போய்விட்டாராம்.

"படுத்துக்கிட்டுக் கண்ணால ஊட்டுக்குப் போறதுக்கு நானென்ன பொணமுங்களா? மாமன்னா மொகம் முன்னால பாக்க, நிமுந்து உக்காந்து வரோணும். இல்லாட்டி வாரவே வேண்டாம்."

"அப்ப வார வேண்டாம், கெடங்க," என்று செல்லம்மா. சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டது. தட்டில் வைக்க எடுத்த சேலையைப் பிரித்துப் பிரித்து மடிக்கிறது. அரக்குச் சேலை, மஞ்சள் கரை.

வீட்டுக்கு நடக்கும் வழியில் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. என் காரில் இருக்கை கிட்டத்தட்ட தரையில். உட்காருபவர் காலை நேராக முன்னால் நீட்டித்தான் ஆக வேண்டும், மடக்கவே முடியாது. எல்லாரும் கிண்டல் செய்வது அதைத்தான்.

அளந்து பார்க்காமல் யாரிடமும் சொல்லக் கூடாது.

பிப்ரவரி 18, புதன்

வெயில். காற்று.

செடிக்குச் செடி இடைவெளி அளக்கும் பழைய டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். இருக்கையின் முதுகிலிருந்து எதிரே காலடித் தகடு வரை அளந்தாயிற்று. அடுத்தது பெரியசாமியின் கால். அதற்குத்தான் வாய் வரவில்லை. அரைமணி உட்கார்ந்து மிளகு விலையைப் பேசினேன். மழை வருமா என்று பேசினேன். இரண்டு கிளாஸ் காப்பி. பிறகு, "கட்டு எவ்வளவு நீளம் போட்டிருக்காங்கன்னு பாக்கலாமா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பொட்டிக்கு அளவெடுக்கறீங்களா சார்?"

கால் உள்ளே போகும். இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளினால் நாலு விரல் மிச்சம். மூன்று முறை அளந்தேன், மூன்றும் ஒன்றே. கூரையை மடித்துவிட்டால் தலைப்பாகைக்கும் இடைஞ்சல் இல்லை.

அப்படியும் சொல்லாமல் வந்துவிட்டேன். வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? கால் மறுபடி உடைந்தால்? ஒரு கல்யாணமே என் தலையில் விழும். நான் எழுபது வளைவு இறங்கி நாமக்கல் போய்வந்தவன்தான். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, பின்னால் வரும் மினி பஸ்ஸுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டுப் போனவன். "சார் ரேஸ் காருல ஊர்வலம் போறாரு" என்று கண்டக்டர் சொன்னது காதில் விழுந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் ரெ.விடம் டேப்பைக் காட்டி விவரம் சொன்னேன். அவள் கையைக்கூடக் கழுவவில்லை. வேலிக்குப் போய்விட்டாள்.

"செல்லம்மா, எங்க வீட்டுக்காரர் காருல கால நேரா நீட்டி, நிமிந்து உக்காரலாமாம். அளந்து பாத்துட்டார். கூட்டிட்டுப் போறேன்னு சொல்ல வெக்கப்படுறார்."

 அந்தப் பக்கத்திலிருந்து பெரியசாமியின் குரல். "தவளயிலயா?"

பிப்ரவரி 19, வியாழன்

ஒத்திகை.

மிளகு காயவைக்கும் சிமெண்டுக் களத்தை ஒட்டிக் காரை நிறுத்தினேன். களமும் காரின் கதவு விளிம்பும் ஒரே உயரம். கூரையை மடித்து, அவரைக் களத்தில் உட்காரவைத்து, அவர் மச்சானும் நானும் அப்படியே உள்ளே நழுவவிட்டோம். கால் நேராக உள்ளே போய் நின்றது. முதுகு நிமிர்ந்து சாய்ந்தது. முகம் முன்னால்.

 பிறகு கையால் கதவைத் தட்டிப் பார்த்தார். "சார். ஆசுபத்திரிக் கட்டிலவிட இது மேலுங்க."

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

மறுபடி களத்துக்கே இழுத்து இறக்கினோம். சுலபம்.

மதியம் தனியாக வழி பார்க்கப் போனேன். அவர் எடைக்கு மரவள்ளிக் கிழங்கு ஒன்றரை மூட்டையைப் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொண்டு. எடை ஏறினால் கார் இன்னும் தாழும், அது தெரிய வேண்டும். பார்த்தவை:

பள்ளிக்கூடத்து வேகத்தடை: நேராக ஏறினால் அடி உரசுகிறது. கோணலாக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏறினால் இல்லை.
பாலம் தாண்டி ஊர்க்காரர்களே போட்ட மேடு: ரொம்ப மோசம். இடது ஓரமாக ஒரு சக்கரத்தை மண்ணில் விட்டுத் தப்பலாம்.
கடைசி மண்பாதை: வண்டித் தடம் ஆழம், நடுவில் மேடு. தடத்தில் இறங்காமல் மேட்டில் ஒரு சக்கரமும் கரையில் ஒரு சக்கரமுமாக.

திரும்பும்போது ஏறிக்கொள்ள ஒரு கிழவி கை காட்டினார். இடமில்லை அம்மா என்று நின்று சொல்லிவிட்டு வந்தேன். "கெழங்குக்கெல்லாம் கொடுத்து வெச்சிருக்குது" என்றார்.

தூக்கம் வருமா தெரியவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

மாலை. காப்பி குடித்துவிட்டு எழுதுகிறேன்.

விடியலில் குளிர், வானம் சுத்தம். பெரியசாமி வெள்ளை வேட்டி, தலைப்பாகை, வேட்டியிலிருந்து நீட்டிக்கொண்டு வெள்ளைக் கட்டு. மடியில் சீர்த்தட்டு: சேலை, தேங்காய், பழம், பூ. கூரை இல்லாததால் வழி நெடுக எல்லாரும் பார்த்தார்கள். அவர் இரண்டு பக்கமும் தலையை ஆட்டி மரியாதையை வாங்கிக்கொண்டு வந்தார். பின்னால் ஜீப்பில் செல்லம்மாவும் ரெ.வும் மச்சானும் மற்றவர்களும். முதல்முறையாக எனக்குப் பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடிக்காமல் வந்தது.

வேகத்தடை, மேடு, மண்பாதை, எல்லாம் நேற்றுப் பார்த்தபடியே. ஒரு இடத்திலும் உரசவில்லை. ஒரு முறை மட்டும், "சார், எம்மடியில தேங்கா இருக்குது, முட்டை இல்லீங்க, கொஞ்சம் ஓட்டுங்க" என்றார்.

கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தினேன். மேளம். பெண்கள் ஆரத்தியோடு. கதவைத் திறந்தேன். அப்போதுதான் கீழே தரையைப் பார்த்தேன்.

அங்கே களம் இல்லை.

ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஒத்திகை பார்த்தேன். டேப் வைத்து அளந்தேன். கிழங்கு மூட்டை வைத்து வழி பார்த்தேன். இரண்டு முறையும் அவரைத் தாங்கியது அந்தச் சிமெண்டுத் திண்டு என்பதும், கல்யாண வீட்டு வாசல் வெறும் மண் தரை என்பதும் என் தலையில் ஏறவே இல்லை. நேற்று இதே வாசலில் நின்று திரும்பியிருக்கிறேன். இதுதான் நான்.

மச்சான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். கட்டு டாஷ்போர்டில் இடித்தது. பெரியசாமி பல்லைக் கடித்தார். "இன்னும் ரெண்டு பேரு வாங்க, ஆளுக்கொரு பக்கம் புடிச்சு நாலு பேராத் தூக்கிரலாம்" என்று யாரோ சொன்னார்கள்.

"நாலு பேரா?" என்றார் பெரியசாமி. அவ்வளவுதான். கை வைக்க வந்தவர்கள் தானாகப் பின்னால் நகர்ந்தார்கள்.

மேளம் நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. முகூர்த்தம் நெருங்குகிறது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. எதிரே பந்தலைப் பார்த்தேன். வாசலில் இரண்டு வாழை மரம். நடுவில் இடைவெளி. ஆயுள் முழுக்க இடைவெளி அளந்த கண்ணுக்கு டேப் இல்லாமலே தெரிந்தது.

"வண்டி உள்ளே போகும்," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. பெரியசாமிக்கு மட்டும் கேட்டது. என் பக்கம் திரும்பினார். "சத்தமாச் சொல்லுங்க சார்."

"வண்டியே பந்தலுக்குள்ள போகும். அவர் இறங்க வேண்டாம்."

ஒரே கூச்சல். சிரிப்பு. ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்து குனிந்து டயரைப் பார்த்தார். மெதுவாக, ரொம்ப யோசித்து, "பந்தலுக்குள்ள யாரும் செருப்போட போறதில்லீங்க. இது நாலு செருப்பு" என்றார்.

 செல்லம்மா விடவில்லை. "செருப்பக் கழட்ட முடியாதுன்னா காலக் கழுவோணும். அவ்வளவுதானே மாமா?" ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் வந்தது. நாலு சக்கரத்தையும் பெண்கள் தேய்த்துக் கழுவினார்கள். பெரியவர் மறுபடி குனிந்து பார்த்துத் தலையாட்டினார். ஆரத்தி சுற்றி பானெட்டில் பொட்டு வைத்தார்கள்.

இன்ஜின் போடவில்லை, புகை வரும். ஆட்கள் பின்னால் தள்ள, நான் ஸ்டியரிங் மட்டும். கண்ணாடிகளை மடக்கிக்கொண்டேன். வாழை இலை இரண்டு தோளிலும் உரசியது. மணமேடைக்குப் பக்கத்தில் பிரேக். என் பக்கத்துக் கதவு பந்தல் காலில் முட்டியதால் இறங்க முடியவில்லை. ஆகவே தாய்மாமனுக்குப் பக்கத்தில், மணமேடைக்கு எதிரே, முழுக் கல்யாணத்துக்கும் நானும் உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவன். எல்லா போட்டோவிலும் இருப்பேன்.

பெரியசாமி நிமிர்ந்து உட்கார்ந்து தட்டைத் தொட்டுக் கொடுத்தார். தாலி ஏறியது. அவர் அழுதார். நான் வேகமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மல்லிகா மாமன் காலில் விழ வந்தது. காலைக் காணோம். அது உள்ளே, டாஷ்போர்டுக்கு அடியில். "எங்க மாமா உங்க காலு?" என்று எட்டிப் பார்த்துச் சிரித்தது. அப்புறம் குனிந்து பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. மாப்பிள்ளைப் பையனும். வரிசையில் வந்த எல்லாரும் அப்படியே.

"ரெண்டு பேரும் நல்லா இருங்க சாமி," என்றார் பெரியசாமி. என்னை முழங்கையால் இடித்தார். நானும் சொன்னேன்.

சாப்பாடு இலையில், மடியில், காரிலேயே. ரசம் மட்டும் வேண்டாம் என்றோம்.

பிப்ரவரி 21, சனி

தோள்பட்டை வலி. தள்ளியவர்கள் அவர்கள், வலி எனக்கு.

கார் கழுவ உட்கார்ந்தேன். இருக்கை இடுக்கில் அட்சதை அரிசி. கியர் பக்கத்தில் வெற்றிலை. டயர் ஓரமெல்லாம் மஞ்சள். அரிசியை எடுத்துக் கோழிக்குப் போட்டேன். மஞ்சளைத் தேய்க்கவில்லை. நாளை கார் பார்க்க வருகிறவருக்குச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பதுதான் முறை. தெரிந்தே விட்டேன்.

சந்தையில் மிளகு வியாபாரி: "தவளய விக்கறீங்களாமே சார்? நேத்துத்தான அதக் கும்புட்டோம்?" அதற்கும் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். கூடையோடு நின்ற ஒரு பெண்ணை ஏற்றி வந்தேன். வழி முழுக்க கல்யாணப் பேச்சு. அந்தக் கார் இதுதான் என்று அதற்குத் தெரியும், ஓட்டியது நான்தான் என்பதில் மட்டும் சந்தேகம்.

மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். "கொஞ்ச நாள் போகட்டும்": அவர் தேதி கேட்பார். "ரெஜினாவுக்கு விருப்பமில்லை": பொய், தவிர அவள் பக்கத்திலேயே இருப்பாள். "விற்கவில்லை": சரியானது இதுதான். கொல்லையில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். ரெ. ஜன்னலிலிருந்து, "யாருகிட்ட பேசுறீங்க?" என்றாள்.

எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் "சரி" வந்துவிடும். எப்போதும் அதுதான் முதலில் வரும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலை பூசை முடிந்து வருமுன்னே வாசலில் மாப்பிள்ளையின் கார். கூட ஒருவர், முப்பது வயதிருக்கும், நல்ல ஷூ, மரியாதையான பையன். வணக்கம் சொல்லிவிட்டு உடனே குனிந்து காருக்கு அடியில் பார்த்தார்.

"அடில ஒரு கீறல்கூட இல்லையே சார். இந்த ரோட்டுலயா?" மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

"டயருல என்ன சார் மஞ்சளா?"

"கல்யாணத்துக்குப் போயிருந்தோம்," என்றாள் ரெ.

உட்கார்ந்து பார்த்தார். ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும். முகத்தில் ஆசை தெரிந்தது. எனக்கு அந்த ஆசை தெரியும், அதனால் இன்னும் கஷ்டம். இறங்கி, மாப்பிள்ளையிடம், "புடிச்சிருக்கு. ஞாயித்துக்கெழம ஒரு ரவுண்டு எடுத்தா ஜம்முனு இருக்கும்" என்றார். "மத்த நாள் மூடி வச்சிரலாம். இத யாரு சார் தினமும் ஓட்டுவா?"

கேள்வி என்னைக் கேட்டதல்ல. ஆனால் பதில் என்னிடமிருந்து வந்தது.

"நான் ஓட்டுறேன்."

மூன்று பேரும் திரும்பினார்கள். நானும் கொஞ்சம் திடுக்கிட்டேன்.

"இல்ல சார், நான் சும்மா..."

"தினமும் ஓட்டுறேன்," என்றேன். "தீவனம் வாங்க. சந்தைக்கு. யாராவது ரோட்டுல நின்னா ஏத்திக்குவேன். செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தோட்டத்துக்காரர் கட்டுப் பிரிக்க நாமக்கல் போகணும், அவர் கால் இதுலதான் நீட்ட முடியும்." மூச்சு வாங்கியது. "விக்கல தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க."

"மாமா, திங்கக்கெழம சரின்னீங்களே," என்றார் மாப்பிள்ளை.

"ஆமா. சொன்னேன். இப்ப விக்கலன்னு சொல்றேன்."

இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருந்தது. மாப்பிள்ளை ரெ.வைப் பார்த்தார். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். "எனக்கென்ன, நான் ஜீப்புல வந்துக்குவேன். அதான் சொல்லிட்டாருல்ல," என்றாள்.

வந்த பையனுக்கு வருத்தம், காட்டிக்கொள்ளவில்லை. சாப்பிட்டுப் போகச் சொன்னோம். கோழிக் குழம்பு. மாப்பிள்ளை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். கோபமில்லை என்று நினைக்கிறேன். கிளம்பும்போது, "வளைவுல மட்டும் பாத்துப் போங்க மாமா" என்றார். சரி என்றேன். இந்தச் சரி வேறு.

ரெ. கூப்பிடுகிறாள். சர்க்கரை தீர்ந்துவிட்டதாம். கடை மூடுவதற்குள் போய் வர வேண்டும்.